பாதியில் நின்ற கைப்பிடி

பழைய கணக்கு மிஷின்கள் மீது எனக்கு எப்படிப் பித்துப் பிடித்தது என்று யாராவது கேட்டால், என் மனைவி முந்திக்கொண்டு பதில் சொல்வாள். போர்ட் பிளேர் கடைவீதியில் லாந்தர், ஆணி, காகிதம் விற்கும் கடை எங்களுடையது. மெயின்லேண்டுக்கே திரும்பிவிட்ட ஒரு மரக் கான்ட்ராக்டர், போகிற போக்கில் ஓர் இரும்பு மிஷினை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கரண்ட் வேண்டாம். நெம்புகோல்களைத் தள்ளி எண்ணை வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால், சின்ன ஜன்னலில் விடை வந்து நிற்கும். எப்படி வருகிறது என்று பார்க்கத்தான் மூடியைத் திறந்தேன். அதோடு மாட்டிக்கொண்டேன்.

கப்பலில் வருகிற தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்துப் பழைய மிஷின்களை வரவழைத்தேன். அலமாரியில் இடம் போகப் போக, "இதுங்களுக்குச் சோறு போடல, அது ஒண்ணுதான் பாக்கி" என்பாள் மனைவி. அவள் பேச்சிலும் நியாயம் இருந்தது.

உள்ளே இருப்பது ஒரு பல்சக்கரம். எந்த எண்ணை வைக்கிறோமோ அத்தனை பற்கள் மட்டும் வெளியே நீளும். ரஷ்யாவில் பிழைக்கப்போன ஒரு ஸ்வீடன்காரரின் பட்டறையில் அது பேர் வாங்கியது. பிறகு ஜெர்மனிக்காரர்கள் செய்தார்கள், ஜப்பான்காரர்களும் செய்தார்கள். இதைப் படித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. போரில் ஜப்பான்காரர்கள் இந்தத் தீவுகளைப் பிடித்து வைத்திருந்தார்களே, கணக்குப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? ஒரு மிஷினாவது இங்கே எங்காவது கிடக்க வேண்டும். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கிடைத்த இடம் ஹேவ்லாக். சரக்கோடு படகில் போயிருந்தேன். அன்று விஸ்வகர்மா பூஜை. வங்காளிகள் தங்கள் மிஷின்களுக்குப் பூஜை போடும் நாள். அகதியாக வந்து அங்கே குடியேறிய விவசாயி ஒருவர், என் பழைய வாடிக்கையாளர், வீட்டுக்குக் கூப்பிட்டார். அந்த வீட்டில் இருந்த ஒரே மிஷின், செம்பருத்தி மாலையோடு ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. செந்தூரத்துக்கு அடியில் ஜப்பான் எழுத்து.

முதன்முதலில் போர்ட் பிளேர் முகாமில் தங்கியிருந்தபோது, குப்பை இரும்புக் குவியலிலிருந்து அதை எடுத்தாராம். என்ன மிஷின் என்றே தெரியாது. வருஷா வருஷம் தேங்காயெண்ணெயில் செந்தூரம் குழைத்து அவர் மனைவி அதற்குப் பூசிவந்திருக்கிறார். அந்தக் குழம்பு உள்ளே இறங்கிச் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. கைப்பிடி மட்டும் பாதிச் சுற்றில் நின்றது. அவர் எடுத்தபோதே அப்படித்தான் இருந்ததாம்.

அது எனக்குப் போதும். இந்த மிஷினில் சுற்று முடிந்தால்தான் கைப்பிடி தன் இடத்துக்கு வரும். பாதியில் நிற்கிறதென்றால் யாரோ ஒரு கணக்கை நடுவில் விட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார். என்ன கணக்கு? மிஷினைக் கொடுங்கள், பதிலுக்கு நல்ல தையல் மிஷின் தருகிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

"இத்னா சால் இஸ்கா பூஜா கியா, பாய். கைசே தேகா?" என்றார். இத்தனை வருஷம் பூஜை போட்டதை எப்படிக் கொடுப்பது? வேண்டுமானால் இங்கேயே திறந்து பார்த்துக்கொள் என்றார். சாமியின் வயிற்றைத் திறப்பதா என்று அவர் மனைவி முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த முறை மண்ணெண்ணெயும் திருப்புளியுமாகப் போனேன். மூடியைக் கழற்றி ஊற்ற ஊற்ற, சிவப்பாக வழிந்தது. ஜன்னலைத் துடைத்தேன். வலது ஓரத்தில் ஒன்பதுகள், இடது பக்கம் முழுக்கச் சுழியங்கள். நெம்புகோலில் வைத்திருந்த எண் 'ஒன்று'. எனக்குப் புரிந்துவிட்டது. எதையோ ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். சுழியம் வந்த பிறகும் ஒன்றைக் கழித்திருக்கிறார்கள்; அதனால்தான் ஒன்பதுகள்.

கைப்பிடியை மெல்லத் தள்ளினேன். நின்றுபோன சுற்று முடிந்தது. ஒன்பதுகள் இடது ஓரம் வரை ஓடின. உள்ளே ஒரு மணி அடித்தது. அவர் மனைவி கைகூப்பினார். இல்லாததிலிருந்து கழித்தால் இந்த மிஷின் மணி அடித்துச் சொல்லும் என்று விளக்கினேன். ஜப்பான் காலத்தின் கடைசியில் இங்கே சோற்றுக்கு எவ்வளவு பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அரிசியாக இருக்கலாம், கடைசியில் வந்த ஆளுக்கு இல்லாமல் போயிருக்கலாம் என்றேன். என் ஊகம்தான்.

அவர் ஜன்னலில் இருந்த ஒன்பதுகளை விரலால் தடவிப் பார்த்தார். நாட்டைவிட்டு ஓடிவந்த நாட்களில் அரிசிக்கு வரிசையில் நின்றதும், தன் முறை வந்தபோது மூட்டை காலியானதும் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். பிறகு கைப்பிடியை எதிர்ப்பக்கம் சுற்றினால் என்ன ஆகும் என்று கேட்டார். ஒன்று கூடும் என்றேன்.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவரே சுற்றினார். மறுபடி மணி அடித்தது. ஒன்பதுகள் எல்லாம் சுழியமாயின.

"உஸ்கோ பீ மில் கயா" என்றார். அந்த ஆளுக்கும் கிடைத்துவிட்டது.

அதன் பிறகு நான் அந்த மிஷினைக் கேட்கவில்லை. நான் மூடியைப் பூட்டி முடித்ததும், அவர் மனைவி தேங்காயெண்ணெயில் செந்தூரம் குழைத்து எடுத்துவந்தார். அத்தனை நேரம் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிய சக்கரங்கள் கண்ணுக்குள்ளேயே நின்றன. இருந்தும் வாயைத் திறக்காமல், அவர் பூசுவதற்குத் தோதாக மிஷினைச் சற்றுத் திருப்பி வைத்தேன்.