சட்டை போடாத கப்டனும் வாய் திறக்காத வால்டரும்

ஆஸ்பத்திரியில் இருதயப் பரிசோதனை டொக்டரிடம் தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சவரக்கத்தியில் தொடங்குகிறது. ஈசிஜி எடுக்கும் ஒட்டுகள் முடியில் பிடிக்காது. ஆகவே ஆண்களின் நெஞ்சை வழித்து, துடைத்து, ஒட்டுகளை ஒட்டி, வயரைக் கொளுவி விடுவது என் வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு லண்டனில் கிடைத்த உத்தியோகம் அது. முன்பின் தெரியாத மனிதரிடம் “சட்டையைக் கழற்றுங்கள்” என்று சொல்ல முதல் மாதம் முழுதும் எனக்கு நா எழவில்லை. என்னைப்போல் கிங்ஸ்பரியில் விடியப் பஸ் ஏறி, ஆஸ்பத்திரி உடுப்பை மாட்டிக்கொண்டு, வெட்கத்தை லொக்கரில் பூட்டிவிட்டு வேலை தொடங்கியவர்களுக்கு இது விளங்கும்.

தொண்ணூறுகளில் ஒரு வியாழக்கிழமை. அன்று அறையில் இருந்தவர்கள்: டொக்டர் ஹெலன், சிஸ்டர் பிரிஜெட், ஹரோவிலிருந்து வந்து சக்கர நாற்காலி தள்ளும் தர்மு, நான், பழைய பட்டாளத்தார் ஆறு பேர். மொத்தம் பத்து. அந்த ஆறு பேரும் உலகப் போர்க் காலத்தில், இளம் வயதில், நச்சுவாயுவைச் சோதிப்பதற்காகப் பூட்டிய அறைகளில் நிறுத்தப்பட்டவர்கள். வெளியே சொல்லமாட்டோம் என்று வாக்கும் கொடுத்தவர்கள். அன்று நுரையீரலைச் சுட்ட வாயு, ஐம்பது வருடம் கழித்து இருதயத்தையும் வருத்துகிறதா என்று டொக்டர் ஹெலன் மாதம் ஒருமுறை அவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்.

அவர்களில் கப்டன் அன்றுதான் புதிதாக வந்தவர். மற்ற ஐந்தில் நாலு பேர் காலப்போக்கில் வாய் திறந்துவிட்டார்கள். வால்டர் மட்டும் திறக்கவில்லை. அவருக்குத்தான் அவசரம். இருதயத்தின் இரத்தக்குழாய்கள் அடைத்து, ஒப்பரேஷன் இல்லாவிட்டால் அந்த மாரிகாலத்தைத் தாண்டமாட்டார் என்ற நிலை. ஆனால் அவருடைய நுரையீரலுக்கு எது, எத்தனை தரம், எவ்வளவு நேரம் போனது என்று தெரியாமல் மயக்கமருந்து கொடுக்கமாட்டேன் என்று அதற்குரிய டொக்டர் மறுத்துவிட்டார்.

அன்று நடந்ததைச் சொல்லுமுன் இவர்களை உங்களுக்குக் கொஞ்சம் பழக்கிவிடுகிறேன். அவர்கள் ஆங்கிலத்தில் சொன்னதை என் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன். வெள்ளைக்காரர் யாழ்ப்பாணத்தார்போல் கதைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பக்கமும் ஒரேமாதிரி

ஒட்டுகள் பெரும்பாலும் இடது பக்கம்தான் வரும். இடதை மட்டும் வழித்துவிட்டால் போதும் என்று சிஸ்டர் பிரிஜெட் சொல்லிக்கொடுத்தார். என்னால் அது ஏலாது. ஒரு பக்கம் வெளி, ஒரு பக்கம் காடு என்று ஒரு மனிதரை வீட்டுக்கு அனுப்ப மனம் வராது. வலது பக்கத்தையும் அளவு பார்த்து வழிப்பேன்.

வால்டர் கையைத் தூக்கினால் கமக்கட்டில் பழைய தழும்புகள், சுருங்கிய தோல். என்ன இது என்று கேட்டால் “கொதிதண்ணி” என்பார். அந்தத் தோலில் கத்தி படாமல் நான் சுற்றிச் சுற்றி வழித்ததில் ஒருநாள் வெகுநேரம் ஆகிவிட்டது. அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சிவா, நான் ஒப்பரேசன் கேட்டு வந்தனான். கலியாணத்துக்கு மாப்பிள்ளையா வரேல்லை.”

பேசாமல் ஒரு நாள்

சிலருக்கு இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி கட்டி அனுப்புவோம். உள்ளே கசெட் ஓடும். ஒரு முழுநாள் இருதயத் துடிப்பை அது பதியும். பட்டாளத்தாரில் ரெஜ் என்பவருக்குக் கட்டிவிட்டேன். மறுநாள் கசெட்டைப் பார்த்த டொக்டர் ஹெலன் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். பின்னேரம் முழுதும் துடிப்பு மலை ஏறியதுபோல் இருந்தது. “படியேறினீர்களா? பாரம் தூக்கினீர்களா?” என்று கேட்டார். ரெஜ் ஒன்றுமே செய்யவில்லையாம். கதிரையில் இருந்தாராம்.

பக்கத்தில் நின்ற மனைவிதான் விளங்கவைத்தார். கசெட் என்றதும் அது பேச்சைப் பதிகிறது என்று ரெஜ் நினைத்துவிட்டார். இரகசியம் காத்த மனிதர் அல்லவா, ஒரு நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. கிடைத்த சந்தர்ப்பத்தை விடாமல், கல்யாணம் முடித்த நாள் தொடக்கம் சொல்ல நினைத்த எல்லாவற்றையும் மனைவி அவர் முன்னால் இருந்து ஆற அமரச் சொல்லி முடித்திருக்கிறார். மறுமொழி சொல்லமுடியாமல் மனிதருடைய இருதயம் குதித்திருக்கிறது. போகும்போது அந்த அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

“சிவா, இந்தப் பெட்டியை இன்னும் ஒரு கிழமைக்குத் தர ஏலாதோ?”

உள்ளிக் குழம்பு

வெள்ளைப்பூண்டை நாங்கள் உள்ளி என்போம். ஒருநாள் மத்தியானம் மனைவி கட்டித்தந்த புட்டும் உள்ளிக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவிக்கொண்டு, வால்டருக்கு ஒட்டு ஒட்டக் குனிந்தேன். அவர் முகம் வெளிறிவிட்டது. வயர்களோடு எழும்பிக் கதவைப் பார்த்தார். “எங்கை கசியுது?” என்றார். ஈசிஜி ஊசி தாறுமாறாகக் கீறியது. சிஸ்டர் ஓடிப்போய் யன்னலைத் திறந்தார்.

கடுகு வாயு என்று ஒன்று உண்டாம். அதற்கு உள்ளி மணமாம். டொக்டர் ஹெலன் அப்போதே ஊகித்துவிட்டார். ஆனால் ஊகத்தை வைத்து ஒருவரை மயக்கமுடியாது. கேட்டதற்கு வால்டர், “சொல்லக்கூடாது டொக்டர்” என்று முடித்துவிட்டார். நான் வெட்கத்தில் மூலையில் நின்றேன். சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு அவரே என்னிடம் வந்தார்.

“உன்ரை மனுசியின்ரை சமையலிலை ஒரு பிழையும் இல்லை. ஆனா அடுத்தமுறை நான் முகமூடியோடைதான் வருவன்.”

தொப்பி

இனி அந்த வியாழக்கிழமை. திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நான் கப்டனின் நெஞ்சில் நுரை பூசி, பாதி வழித்திருந்தேன். எண்பது தாண்டியவர், அன்றுதான் முதல்முறை வந்திருந்தார். அந்தப் பக்கம் டொக்டர் ஹெலன் வால்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். “மற்ற எல்லாரும் சொல்லிவிட்டார்கள்” என்றார்.

“அவைக்கு ஆர் அனுமதி குடுத்தது எண்டு எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு அதிகாரியும் சொல்லேல்லை” என்றார் வால்டர்.

கப்டன் என் கையை விலக்கிவிட்டு எழுந்தார். திரையை இழுத்தார். சட்டை இல்லை, காற்சட்டை வார் தொங்குகிறது, நெஞ்சில் பாதி நுரை. “நான் கப்டன். டொக்டருக்கு எல்லாத்தையும் சொல்லு. இது கட்டளை!”

வால்டர் வயர்களோடு துள்ளி எழும்பி விறைப்பாக நின்றார். ஆனால் சந்தேகம் தீரவில்லை. “சட்டை போடாத அதிகாரியின்ரை கட்டளை செல்லுமோ, சேர்?”

கப்டன் யோசித்தார். நியாயமான கேள்வி என்று அவர் முகத்தில் தெரிந்தது. “சிவா, என்ரை தொப்பி!” என்றார். சுவர்க் கொளுவியில் தொங்கிய கம்பளித் தொப்பியை எடுத்துக் கொடுத்தேன். தலையில் நேராக வைத்துக்கொண்டார். “இப்ப?”

“இப்ப சரி, சேர்.”

வால்டர் கட்டிலில் இருந்து சொல்லத் தொடங்கினார். பூட்டிய அறை. மூன்று தரம். மூன்றாம் தரம் பக்கத்தில் நின்ற சிநேகிதன் விழுந்தது. பிறகு ஒரு மாரி முழுதும் இருமல். “என்ரை மனுசிக்கும் கொதிதண்ணி எண்டுதான் சொன்னனான். அவ நம்பேல்லை. ஆனா சாகுமட்டும் திருப்பிக் கேக்கேல்லை” என்றார். கப்டன் தொப்பியைக் கழற்றினார்.

மயக்கமருந்து டொக்டர் இறங்கி வந்து, கேட்டு, இன்னும் கேட்டு, கவனமாகச் செய்யலாம் என்றார். அன்றே படுக்கை ஒதுக்கினார்கள். வால்டரை வார்ட்டுக்குத் தள்ளிக்கொண்டு போன தர்மு, அரை மணித்தியாலம் கழித்துக் களைத்துத் திரும்பி வந்தான். மனிதர் லிஃப்டிலும் கதையை நிறுத்தவில்லையாம், நடைபாதையிலும் நிறுத்தவில்லையாம்.

“சிவா அண்ணை, வாயைத் திறக்கப் பண்ண ஒரு கப்டன் வந்தார். மூடப் பண்ண ஆரைக் கூப்பிடுறது?”

பிறகு ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்றாலும், அந்த வியாழக்கிழமைக் கணக்கு இதுதான்: வந்த பட்டாளத்தார் ஆறு பேரில் வீட்டுக்குப் போனவர் ஐந்து, மீதி ஒருவர், அவர் இன்னும் பேசி முடிக்கவில்லை.