அடுத்தவனுக்கு மூச்சு விட்ட கதை

கடலுக்கு அடியில் இருப்பவனுக்காக மேலே நின்று மூச்சு விடுகிற வேலை என்று ஒன்று உண்டு. அதை நான் ஐம்பதுகளில் ஒரு கோடையில் செய்தேன். பழவேற்காட்டுக்கு நேரே மூழ்கிக் கிடந்த பழைய கப்பல் ஒன்றை அந்த ஊர் வியாபாரி காசிம் பாய் ஏலத்தில் எடுத்திருந்தார். அதன் அடியில் தண்ணீரைத் தள்ளும் பித்தளை விசிறியைக் கழற்ற ராயபுரத்திலிருந்து ஆரோக்கியம் என்ற டைவரைக் கூட்டி வந்தார். ஆரோக்கியம் செம்புத் தொப்பியும் ரப்பர் உடுப்பும் மாட்டிக்கொண்டு கீழே இறங்குவார். படகிலிருக்கும் பம்பின் கைப்பிடியை நான் விடாமல் சுற்றினால்தான் குழாய் வழியாக அவருக்குக் காற்று போகும். நிறுத்தினால் ஆள் போய்விடுவார். தையல் மிஷின் மிதிப்பவர்களே, மாவாட்டுபவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். ஒரே ஒரு நாள் கதையைச் சொல்கிறேன்.

தகுதி

முதலில் இதற்குள் வந்து விழுந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். வைத்திருந்தேன் என்பது பெருமைக்கு. மாமனார் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். நெல் வாங்க வந்த பாய், நான் நாலு சைக்கிளுக்கு வரிசையாகக் காற்றடிப்பதைப் பார்த்துவிட்டு, கடலுக்கு வருகிறாயா என்றார். நீச்சல் தெரியாது, ஏரியில்கூட முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை என்றேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"முழுவப் போறவன் நீயில்ல நைனா. டியூபுக்கு அடிக்கிற கை மனுசனுக்கு அடிக்காதா?"

பார்

படகு மீனவர் தேசப்பனுடையது. கப்பல் கிடக்கும் இடம் அவருக்குத்தான் தெரியும். லைட் ஹவுசையும் கரையிலிருந்த ஒற்றைப் பனையையும் கண்ணாலேயே அளந்து, "இங்க எறங்கு" என்பார். முதல் வாரம் முழுக்க ஆரோக்கியத்தைக் கப்பலே இல்லாத வெறும் மணலில் இறக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி முழித்தார். காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கப்பலைச் சுற்றி மீன் அடைந்திருந்தது. போதாததற்கு அவரும் தம்பிகளும் பனை மட்டையைக் கல்லோடு கயிற்றில் கட்டி அதன் பக்கத்திலேயே இறக்கி, மீனுக்கு இன்னொரு வீடும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மீன் அடையும் கடலடிப் பாறையை அவர்கள் பார் என்பார்கள். கப்பலும் அவர்களுக்குப் பார்தான்.

விசிறி வந்துவிட்டால் அடுத்தது வெடி வைத்து உடைப்பார்கள், அதோடு மொத்தக் கப்பலும் துண்டு துண்டாகக் கரைக்கு வந்துவிடும். அன்று பாயே வெள்ளைச் சட்டையும் அத்தரும் குடையுமாகப் படகில் ஏறிவிட்டார். இனி மணலைக் காட்டி ஏமாற்ற முடியாது. தேசப்பன் என் காதருகே வந்து சொன்னார்:

"ஒங்களுக்கு அது கப்பலு நைனா, எங்களுக்கு அது சோத்துப் பான."

நாஷ்டா

பம்புக்கு நல்ல காற்று, கெட்ட காற்று தெரியாது. பக்கத்தில் இருப்பதை உறிஞ்சிக் கீழே அனுப்பிவிடும். ஆரோக்கியம் காலையில் முதல் தடவை இறங்கியதும் பாய் பம்போரமாக உட்கார்ந்து நாஷ்டா பொட்டலத்தைப் பிரித்தார். இட்லியும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும். ஆரோக்கியம் வெறும் வயிற்றில்தான் முழுகுவார். மேலே வந்து தொப்பியைக் கழற்றியதும் விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"மேல நீங்க கருவாடு துன்றீங்க, கீழ நான் பசியோட மோந்துகினு கெடக்கறேன். நாயமா பாய் இது?"

பேஜாரு

பம்புக்கு இரண்டு கைப்பிடி, இரண்டு ஆள். என் ஜோடி ஆள் செவ்வாப்பேட்டைக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டான். இன்னொரு கைப்பிடியைத் தேசப்பன் பிடித்துக்கொண்டார். ஆரோக்கியத்தின் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைத் தன் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டார். ஒரு இழுப்பு வந்தால் சௌக்கியம், நாலு வந்தால் ஆபத்து. உச்சி வெயிலில் உள்ளங்கை உரிந்துவிட்டது. நாளைக்கு ஓர் ஆள் கூடப் போடுங்கள் என்று கெஞ்சினேன். பாய் குடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"சும்மா கைப்பிடிய சுத்தறதுல இன்னாபா பேஜாரு? எங்க ஊட்டுப் பொம்பளைங்க ஆட்டுக்கல்லே சுத்தறாங்கோ!"

நாலு இழுப்பு

ஆரோக்கியம் இரண்டாம் தடவை இறங்கிய கொஞ்ச நேரத்தில் தேசப்பனின் கட்டைவிரல் நாலு தடவை துள்ளியது. மறுபடியும் நாலு. சுற்றுவதை விடாமல் தேசப்பன் ஒரு கையால் இழுத்துப் பார்த்தார், கயிறு வரவில்லை. தேசப்பன் முகம் செத்துப்போயிற்று. "அது நாங்க கட்டுன மட்டைதான். காத்துக் கொயா அதுல மாட்டிக்கிச்சு" என்றார். ஆரோக்கியம் கீழேயே போய்விட்டால் அப்புறம் எந்த டைவரும் அந்தக் கப்பல் பக்கம் வரமாட்டான், பார் பிழைத்துவிடும். எனக்கே அது தோன்றியது, அவருக்குத் தோன்றாமலா இருக்கும்? ஆனால் அவர் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்துவிட்டார்.

இப்போது ஒரு கைப்பிடிக்கு ஆளில்லை. அந்த ஆழத்துக்கு ஒருவன் காற்று அனுப்ப முடியாது. "பாய், வந்து புடி!" என்று கத்தினேன். மரியாதை எல்லாம் அப்போது ஞாபகம் வரவில்லை. பாய் குடையைக் கடலில் விட்டுவிட்டு ஓடிவந்து பிடித்தார். இருவரும் சுற்றினோம். எனக்குப் பயத்தில் அழுகையே வந்துவிட்டது, அழுதுகொண்டேதான் சுற்றினேன். தேசப்பன் இரண்டு தடவை மேலே வந்து மூச்செடுத்துக்கொண்டு மறுபடி முழுகினார். மூன்றாம் தடவை கயிறு இளகிற்று. அவர் படகில் ஏறி ஆரோக்கியத்தை இழுத்துப் போட்டார். தொப்பியைக் கழற்றியதும் ஆரோக்கியம் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"டபால்னு அத்தர் வாசன வந்திச்சிப்பா. சரி, செத்துட்டோம், சொர்க்கந்தான் இதுன்னு நெனச்சிகினேன்."

கொப்புளம்

பாயின் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். விரலை மடக்க முடியாமல் கையை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விசிறி என்னவாயிற்று என்று எந்த நிமிஷமும் கேட்பார், மறுபடி இறங்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். தேசப்பன் அறுத்துவிட்ட மட்டைகள் ஒவ்வொன்றாக மேலே வந்து படகைச் சுற்றி மிதந்தன. கட்டிய வீட்டைத் தானே பிரித்துவிட்டு அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். பாய் மட்டைகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கடைசியில் தன் கையைப் பார்த்தார்.

"படகத் திருப்பு தேசப்பா. மீனுக்கு எவனும் காத்தடிக்க வேணாம். கப்பலு அதுக்கே கெடக்கட்டும்."

அந்தக் கப்பலை நான் கடைசிவரை கண்ணால் பார்க்கவில்லை. அதிலிருந்து நாங்கள் மேலே கொண்டுவந்த ஒரே சாமான் ஆரோக்கியம்தான், அதற்கே என் வலது தோள் இன்னும் வலிக்கிறது.