உள்நாட்டில் காட்டக்கூடாத முகம்

திரேசா அக்கா காலமாகிவிட்டார் என்று பங்குக் கோயில் பாதர் தொலைபேசியில் சொன்னபோது, இத்தாலியில், வுச்சீரியாச் சந்தைப் பக்கம் நான் வேலை செய்யும் உணவகத்தின் குசினியில் கணவாய் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகிற வழியில், கபோ சந்தைக்குள், மரக்கறிக் கடையொன்றின் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம். உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவர் கேட்டுக் காத்திருந்த வீடியோக் கசற் இன்னும் கைக்கு வரவில்லை, அதற்குள் என்ன அவசரம் என்று. அழுகை பிறகுதான் வந்தது.

அக்கா மன்னார்ப் பக்கத்தவர். இங்கே வயதான ஓர் இத்தாலிய அம்மாவை, ஒரு சிஞ்ஞோராவை, பராமரிப்பது அவருடைய வேலை. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், இத்தாலிய அரசாங்கப் பணத்தில் இலங்கைக்கென்று தமிழ்த் தொலைக்காட்சி நிகழ்ச்சி தயாரிக்கும் சிறிய அலுவலகம் ஒன்று உண்டு. இத்தாலிக்கு வருவதற்கான சட்டங்கள் என்ன, முகவர்களிடம் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று சொல்லும் நிகழ்ச்சி. கொழும்பு நிலையமொன்று அதை ஒளிபரப்பும். இத்தாலிய மொழியில் வருவதை நான் தமிழாக்குவேன். அக்கா கமெராவைப் பார்த்து வாசிப்பார். நாங்கள் இருவரும் அறிமுகமானது அப்படித்தான்.

முதல் ஒளிப்பதிவிலேயே அவர் என்னைச் சோதித்தார். வணக்கம் சொல்லி முடித்த பிறகும் கமெராவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அலுவலகப் பொறுப்பாளரான திரெத்தோரே "பாஸ்தா! பாஸ்தா!" என்று, போதும் போதும் என்று கத்துகிறார். அக்கா அசைந்தால்தானே.

"என்னக்கா, முடிஞ்சுது. எழும்புங்கோ."

"அம்மாக்குக் கண் வடிவாத் தெரியாது தம்பி. கொஞ்ச நேரம் பார்க்கட்டும்."

அம்மாவோ மன்னாரில் இருந்தார். சண்டையால் அந்தப் பக்கமே கரண்ட் இல்லை. கொழும்பில் ஒளிபரப்பாவதை அவர் எதில் பார்ப்பது? ஒரு பிரதி கிடைத்தால், கோயில் ஜெனரேற்றரில் போட்டுக் காட்டலாம் என்பது அக்காவின் கணக்கு. கேட்டார். அப்போதுதான் சட்டம் வந்து குறுக்கே நின்றது.

வெளிநாட்டு ஒளிபரப்புக்கென்று ஒதுக்கிய அரசாங்கப் பணத்தில் எடுத்த படத்தை இந்த நாட்டுக்குள் யாருக்கும் காட்டவோ கையில் கொடுக்கவோ கூடாதாம். அரசாங்கம் தன் குடிமக்களுக்கே பிரசாரம் செய்துவிடக் கூடாதே என்ற நல்ல நோக்கம். நாங்கள் எங்கே குடிமக்கள்? பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலக வாசலில் கால் கடுக்க நிற்கிறவர்கள். சரி, நேரே மன்னாருக்கு அனுப்புங்கள் என்றேன். ஒப்பந்தம் போட்ட நிலையத்துக்கு மட்டும்தான் அனுப்பலாம், தனி ஆட்களுக்கு அனுப்ப முடியாது என்றார் திரெத்தோரே. ரோமில் மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். நல்ல மனிதர், உண்மையாகவே கேட்டார். ரோம்தான் வாய் திறக்கவில்லை.

இதற்கிடையில் எங்கள் சனத்தின் வாயை யார் மூடுவது? "ரீவியிலை வாறன் எண்டு சொல்லுறா, ஒருத்தரும் கண்டதில்லையே" என்று பூசை முடிந்து நின்று சிரிப்பார்கள். பாவம் அந்தச் சிஞ்ஞோரா, தன் திரேசா எந்தச் சனலில் வருவாள் என்று ரிமோட்டை அழுத்தி அழுத்திக் களைத்துப்போனார். பார்க்க ஆசைப்பட்டவர்களுக்குக் காட்ட அனுமதியில்லை. அனுமதி உள்ள இடத்தில் பார்க்க வேண்டியவருக்குக் கரண்ட் இல்லை. இதை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது!

பொறுக்க முடியாமல் ஒருநாள், அலுவலக அலுமாரியிலிருந்து கசற் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சட்டத்தை மீறாதேங்கோ எண்டு கிழமைக்குக் கிழமை ஊருக்குச் சொல்லுறது நான். நானே மீறுறதோ?"

"அப்ப வீட்டிலை வைச்சு நான் ஒரு படம் எடுத்துத் தாறன். அதை அனுப்புங்கோ."

"வீட்டுப் படம் எல்லாரும்தான் அனுப்பினம். காணியை வித்துப் படிப்பிச்ச மனுசி, தம்பி. பிள்ளை அங்கை வீடு கூட்டுறாள் எண்டு இப்பவும் அழுகிறாவாம். நான் செய்தி வாசிக்கிறதை அவ பார்க்கோணும். படிப்பிச்சது வீண்போகேல்லை எண்டு தெரியோணும்."

இப்படியும் ஒரு பிடிவாதமா என்று ஸ்தாசியோனே வரை முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். அக்கா பக்கத்தில் நடந்தபடி, ரோம் கட்டாயம் பதில் போடும் என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அவரைப் போல அந்தச் சட்டத்தை மதித்தவர் அந்த அலுவலகத்திலேயே வேறொருவர் இல்லை. அந்தச் சட்டம் அவரை ஒரு பொருட்டாக எண்ணியதாக எனக்குத் தெரியவில்லை.

அடக்கத்துக்குத் திரெத்தோரே வந்திருந்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். "இனியாவது ஒரு கசற் தருவீர்களா?" என்று கேட்டேன். "ரோமுக்கு மறுபடியும் எழுதியிருக்கிறேன்" என்றார். அந்த இடத்தில் சண்டை பிடிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

உடலை ஊருக்கு அனுப்ப வழியில்லை. அதனால் எங்கள் வழக்கப்படி செத்தவீட்டை வீடியோப் படம் பிடித்தோம். மாலை போட்டது, செபம் சொன்னது, சிஞ்ஞோரா குனிந்து நெற்றியில் முத்தமிட்டது, பெட்டியை மூடியது எல்லாம் அதில் இருக்கிறது. கொழும்புக்குப் போன ஒருவரிடம் நேற்று அதைக் கொடுத்துவிட்டேன். எங்கள் பாதருக்குத் தெரிந்த குருவானவர் ஒருவர் அதை மன்னாருக்குக் கொண்டுபோய், ஜெனரேற்றர் போட்டு அம்மாவுக்குக் காட்டுவாராம். எவரும் தடுக்கவில்லை. ரோமில் கேட்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அக்கா, உங்கள் அம்மா உங்களைத் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்க்கப் போகிறார். நீங்கள் நிமிர்ந்திருந்து செய்தி வாசிக்கிற கசற்றெல்லாம் இங்கே அலுமாரிக்குள் சட்டப்படி பூட்டிக் கிடக்கிறது. நீங்கள் கண்ணை மூடிப் படுத்திருப்பதைக் காட்டத்தான் எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை. எனக்கு ஆத்திரம் ஆறவேயில்லை. நீங்கள் ஆறுதலாகப் போய் வாருங்கள்.