ஏரோப்ளான் காட்டுக்குப் போன சென்றாயன்

பொன்னாயிக்கு ஆறு வயதாக இருந்தபோது அவள் அப்பன் சென்றாயன் மலையிறங்கிப் போனான். அது சண்டைக்காலம். குண்டு போடும் விமானங்கள் இறங்குவதற்காகக் கீழ்நாட்டில் புஞ்சைகளை மட்டமாக்கி வெள்ளைக்காரன் ஓடுபாதை போடுகிறான், கல்லுடைக்க ஆள் வேண்டும் என்று கங்காணி ஒருவன் வந்து கூப்பிட்டான். நாற்பது பேர் போனார்கள். அதில் சென்றாயன் என்ற பேரில் இரண்டு பேர். மலையில் பத்துப் பதினைந்து ஊர் சேர்ந்ததை ஒரு நாடு என்பார்கள். ஒருவன் திண்ணனூர் நாட்டுக்காரன், பொன்னாயியின் அப்பன். மற்றவன் குண்டூர் நாடு.

ஊர் என்ன என்று கேட்டுப் பேர் எழுதியபோது எல்லோருமே கொல்லிமலை என்றுதான் சொன்னார்கள். மலையில் எந்த நாடு என்று கீழே இருப்பவனுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். பிறகு இரண்டு சென்றாயன்களையும் பெட்ரோல் பீப்பாய் உருட்டத் தூரத்து முகாமுக்குப் பிரித்து அனுப்பினார்கள். அடுத்த மழைக்கு முப்பத்தெட்டுப் பேர் திரும்பி வந்தார்கள். ஒரு சென்றாயன் காய்ச்சலில் செத்தான், இன்னொருவன் கீழேயே தங்கிவிட்டான் என்றார்கள். எவன் எவன் என்று யாருக்கும் தெரியவில்லை. உயிரோடு இருப்பவன் நம்மவன் என்றே இரண்டு வீட்டிலும் சொல்லிக்கொண்டார்கள். கருமாதி நடக்கவில்லை. பொன்னாயியின் அம்மா சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை.

சண்டை முடிந்து விமானங்கள் போய்விட்டன. அந்த இடத்துக்கு ஏரோப்ளான் காடு என்ற பேர் மட்டும் நின்றது. ஓடுபாதையில் இப்போது மிளகாய் காயப்போடுகிறார்கள் என்று பலாப்பழம் விற்கப் போனவர்கள் வந்து சொன்னார்கள். பொன்னாயி போய்ப் பார்த்ததில்லை. புருசன் செத்து, பிள்ளையும் இல்லாமல், மரவள்ளிக் காட்டோடு தனியாக இருந்தாள்.

தொண்ணூற்றெட்டாம் வருசம் தை மாதத்தில், சென்றாயன் ஊடு எது என்று விசாரித்துக்கொண்டு ஐம்பது வயது ஆள் ஒருவர் வந்தார். பேர் தனபால்.

"எழுபது வளைவுல குடலே வெளிய வந்திருச்சுங்கக்கா. எங்கப்பன் ஏன் திரும்பி வரலைன்னு இப்பத்தான் தெரியுது," என்று சிரித்தார்.

அப்பன் போன வருசம் தவறிவிட்டாராம். மலையில் நமக்கொரு வீடு இருக்கிறது, போய்ச் சொல்லிவிட்டு வா என்றாராம். எந்த நாடு என்று கேட்பதற்குள் பேச்சு நின்றுபோனதாம்.

பொன்னாயி பானையில் இன்னொரு பிடி சாமையைப் போட்டாள். அக்கா என்று அவளைக் கூப்பிட ஒரு ஆள் வந்துவிட்டது. ஆனால் இவன் தம்பி என்றால், அம்மா தாலியோடு காத்திருந்த அத்தனை வருசமும் அப்பன் கீழே வேறொரு குடும்பத்தோடு இருந்திருக்கிறான்.

தனபால் போட்டோவைக் காட்டினார். பொக்கைவாய்க் கிழவர். அவளுக்கு அப்பன் முகமே ஞாபகமில்லை. மலைப்பாதையில் அவன் பின்னாலேயே நடந்தவள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் கால்தான். மண்வெட்டி பட்டு இடது சுண்டுவிரல் போன கால்.

அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். "உங்கப்பனுக்கு இடது கால்ல சுண்டுவிரல் இருந்துச்சா சாமி?"

"இருந்துச்சுங்க. கடைசி நாலு மாசம் நகம் வெட்டிவிட்டதே நாந்தான்."

அவள் விறகை உள்ளே தள்ளிவிட்டாள். அப்புறம் சொன்னாள். "நீ குண்டூர் நாட்டுக்குப் போவோணும். செங்கோடன்னு கேளு. உம் பெரியப்பன் மவன். கீழ காய்ச்சல்ல செத்தது எங்கப்பன்."

தனபால் தலைகுனிந்துகொண்டார். பீப்பாய் உருட்டின முகாம் இருந்த இடத்தில், ஒரு வேலமரத்தடியில், தன் அப்பன் ஆடிக்கு ஆடி தேங்காய் உடைப்பார் என்றார். யாருக்கு என்றால் கூட்டாளிக்கு என்பாராம்.

சாப்பிட்டுவிட்டு ரெண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். ஏறும்போது "வாரேனுங்க" என்றார். அக்கா என்று சொல்லவில்லை.

பொன்னாயி வீட்டுக்கு வந்து, சாவுச் சேதி கேட்டவர்கள் செய்வதுபோலத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஈரத் தலையோடு வாசலில் வெகுநேரம் நின்றாள். யார் செத்தது என்று கேட்க அந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை.