பனிமலைத் திரைக்கு முன்னால்

நான் விலங்கியல் படித்தவள். கல்யாணப் பத்திரிகையில் அச்சிட்டதோடு அந்தப் பட்டத்தின் வேலை முடிந்துவிட்டது என்று ராஜபாளையத்தில் என் புகுந்த வீட்டார் நினைத்தார்கள். அநேகமாக நானும் அப்படித்தான் நினைத்தேன். எண்பதுகளின் கடைசியில் ஒரு பங்குனி நண்பகல், ஒன்பது மாதக் குழந்தையோடு ஒரு போட்டோ ஸ்டுடியோவில் நின்றபோதுதான் சந்தேகம் வந்தது.

பெண் பிறந்தால் ஆண்டாள் வேஷம் கட்டி, ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிவந்து கும்பிட்டு, அந்தக் கோலத்தில் ஒரு படமும் எடுத்து மாட்டுவதாக என் மாமியார் வேண்டியிருந்தார். வேண்டுதல் அவருடையது, வேஷம் என் மகளுக்கு. திருக்கல்யாணத்துக்கு முதல் நாள் என்று முடிவு செய்தார்கள். வெயிலை யாரும் கலந்தாலோசிக்கவில்லை.

வெல்வெட் சட்டை, சரிகைப் பாவாடை, கழுத்து நிறைய நகை, அதற்கு மேல் மாலை. தலையில் இடப்பக்கம் சரிந்த கொண்டை வேண்டும். குழந்தைக்கோ முடியே இல்லை. அதனால் மாமியாரின் சவுரி முடியைச் சுருட்டி ஒரு கம்பளித் தொப்பியில் தைத்தாயிற்று. தைத்தது நான்தான். நன்றாகத் தைத்திருப்பதாகப் பாராட்டும் கிடைத்தது.

பஸ் ஜன்னல் வழியே வற்றிப்போன கண்மாயில் நாரைகள் நிற்பதைப் பார்த்தேன். கால்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தன. வெயில் தாங்காவிட்டால் நாரை தன் கால் மேலேயே எச்சமிட்டுக்கொள்ளும். ஈரம் காயக் காயக் காலில் ஓடும் ரத்தம் குளிரும். இந்த அறிவை என்னால் அடக்கிவைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

"கோயிலுக்குப் போறப்ப பேசுத பேச்சாட்டி இது?" என்றார் மாமியார்.

என் கணவர் எங்கள் இருவரையும் முன்பின் அறியாதவர்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவும் ஒரு உயிரினம் சூழ்நிலையைச் சமாளிக்கும் முறைதான்.

கோயிலில் கூட்டம். வெளியே வரும்போது குழந்தை அந்த வேஷத்துக்குள் இரண்டு மணி நேரம் இருந்திருந்தாள். ஸ்டுடியோவில் கதவைச் சாத்திக் கறுப்புத் துணியை இழுத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பெரிய விளக்குகள். பின்னால் திரையில் பனிமலை, அதன் மேல் வரிசையாக வாத்துகள். ஆண்டாள் இமயமலைக்கு எப்போது போனாள் என்று நான் கேட்கவில்லை. வரித்தலை வாத்துகள் நிஜமாகவே அந்த மலையைத் தாண்டி நம் பக்கத்துக் குளங்களுக்கு வருகின்றன. நமக்கு மூச்சு முட்டுகிற உயரத்தில், இருக்கிற கொஞ்சப் பிராணவாயுவையும் அவற்றின் ரத்தம் இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ரத்தம் அமைய எத்தனை தலைமுறை ஆனதோ! என் மகளுக்குக் கிடைத்தது ஒன்பது மாதம்.

"ஃபேனைப் போடுங்களேன்" என்றேன்.

"போட்டா மால ஆடும்க்கா, படம் கலங்கிரும்" என்றார் போட்டோக்காரர்.

"செத்த நேரந்தானட்டி. அவ என்ன வெண்ணெயா, உருகதுக்கு?" இது மாமியார்.

குழந்தை அலறினாள். போட்டோக்காரர் கிலுகிலுப்பையை ஆட்டினார், நாக்கைத் துருத்தினார், ஒருமுறை குரைத்தும் பார்த்தார். நான் ஓரமாக நின்று பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். காகம் வாயைப் பிளக்கும். நாய் நாக்கைத் தொங்கவிடும். மலையடிவாரத்துச் சாம்பல் அணில் கிளையில் வயிறு படப் பரத்திப் படுக்கும். வௌவால் சிறகால் விசிறிக்கொண்டு உடம்பை நக்கும். கைக்குழந்தைக்குப் பெரியவர்கள் அளவுக்கு வியர்க்காது. அழ மட்டும் தெரியும்.

அப்போது அழுகை நின்றது.

"பாத்தீங்களா, இப்பத்தான் பிள்ளை போஸ் குடுக்கு!" என்றார் போட்டோக்காரர்.

"ஆண்டாளே வந்து உக்காந்த மாதிரில்லா இருக்கா" என்று மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்குத் தெரிந்தது. முகம் செக்கச் சிவந்திருந்தது. மேலுதட்டில் ஒரு துளி வியர்வை இல்லை. கண் பாதி மூடியிருந்தது. சூடேறிய உடம்பு அடங்கிப்போவது நல்லதற்கு இல்லை என்று நான் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் உடனே இன்னொரு யோசனை வந்தது. ஒருவேளை தூக்கம்தானோ? வேண்டுதலைக் கெடுத்தவள் என்று ஆகிவிடுமோ? இன்னும் ஒரே ஒரு படம்தானே?

"கொண்டையைச் செத்த நிமித்தி விடுங்கக்கா" என்றார் போட்டோக்காரர்.

நிமிர்த்திவிட்டேன். விரலில் நெற்றி பட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் இருந்தது. நான் கையை எடுக்கும்போதே அவர் படம் எடுத்தார்.

அதற்குப் பிறகுதான் தூக்கினேன். தொப்பியைப் பிய்த்து எறிந்தேன். சட்டை, மாலை, நகை எல்லாம் பனிமலை அடிவாரத்தில் விழுந்தன. பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த வாளித் தண்ணீரில் முந்தானையை நனைத்து உடம்பு முழுக்கத் துடைத்தேன். "ஃபேனைப் போடுங்கய்யா!" என்று நான் கத்திய சத்தம் எனக்கே புதிது. பஸ்ஸில் எங்களைத் தெரியாதவர்போல் வந்த என் கணவர் ஓடிப்போய் சுவிட்சைப் போட்டார். மாமியார் தன் முந்தானையையும் நனைத்து நீட்டினார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவள் முனகினாள், பால் குடித்தாள், பிறகு ஸ்டுடியோ அதிர அழுதாள். நானும்.

நாலைந்து படங்களில் ஒன்றுதான் தேறியது என்று கடைசியாக எடுத்ததை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். மாமியார் அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். மகளுக்கு இப்போது மூன்று வயது. யார் வந்தாலும் அந்தப் பாதி மூடிய கண்களைக் காட்டி, "எம்புட்டு அமைதி! தெய்வக் களை பாருங்க" என்பார். வந்தவர்கள் என்னிடம் திரும்பி, கொடுத்துவைத்தவள் என்பார்கள். நான் காப்பி கொண்டுவரப் போய்விடுவேன். படத்தில் ஓரமாக, கொண்டைக்குப் பக்கத்தில், விலகிப்போகும் ஒரு கை மங்கலாகத் தெரிகிறது. அது யாருடையது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.