பூச்சோங் குளமும் தேசியத் தூண்டில் சம்மேளனமும்

1. சுவரில் மீன் இல்லை

கிள்ளான் துறைமுகத்தில் நான் வேலை பார்த்த ஷிப்பிங் கம்பெனியை மூடியதும், பிரிக்பீல்ட்ஸில் இருந்த தேசியத் தூண்டில் சம்மேளனத்தில் அலுவலகச் செயலாளராகச் சேர்ந்தேன். நாட்டிலுள்ள மீன்பிடிக் கிளப்புகளுக்கெல்லாம் அதுதான் தலைமை அமைப்பு. அலுவலகம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது.

முதல் நாள் சுவரைப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் எங்கள் தலைவர் யாருடனாவது கைகுலுக்கிக்கொண்டிருந்தார். அரசாங்கம் கொடுத்த டத்தோ பட்டத்தாலேயே எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். ஒரு படத்தில்கூட மீன் இல்லை.

"மீன் படம் ஒண்ணும் மாட்டலையா டத்தோ?" என்று கேட்டேன்.

"மீன் எப்ப வேணும்னாலும் வரும் சாரதா. அமைச்சர் வர்றது கஷ்டம்லா" என்றார்.

அவர் தூண்டிலைத் தொட்டதில்லை. மீன் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று கீழே கடையில் கோழிக்கறிதான் வாங்கிவரச் சொல்வார். ஆனால் உலக மாநாடு எங்கே நடந்தாலும் முதல் ஆளாகப் போய்விடுவார்.

2. நீலமா, கருநீலமா

ஒருநாள் கிள்ளானிலிருந்து முனியாண்டி அண்ணன் மாடியேறி வந்தார். பழுதான கார்களை இழுத்துப் போகும் லோரி ஓட்டுபவர், அங்குள்ள கிளப்பின் தலைவர். பூச்சோங்கில் ஒரு பழைய ஈயச் சுரங்கக் குளம். அவருடைய ஆட்கள் ஞாயிறுதோறும் அங்கேதான் தூண்டில் போடுவார்கள். அதைச் சுற்றி ஒரு மேம்பாட்டு நிறுவனம் வேலி போட ஆரம்பித்திருந்தது. அடுக்குமாடி வரப்போகிறதாம்.

"வேற குளத்துக்குப் போகலாமே அண்ணே" என்றேன், தெரியாமல்.

"மத்தவன் போயிருவான் அக்கா. என் தம்பி சேகர் எப்படிப் போவான்? ஃபேக்டரியில கால் போனதிலேர்ந்து வீட்டை விட்டு வெளிய வரமாட்டேன்னு இருந்தான். அந்தக் குளத்துக்குத்தான் முதல்ல வந்தான். அங்க வீல்சேர் கரை வரைக்கும் போகும். மத்த இடமெல்லாம் சேறு."

இதை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் வைத்தேன். அன்று உலக மாநாட்டுக்குப் போகிறவர்களின் கோட்டு நிறம் குறித்து விவாதம் நடந்தது. நீலமா, கருநீலமா? ஒருவர் கடலின் நிறம் என்றார், ஒருவர் ஆற்றின் நிறம் என்றார். குரல்கள் உயர்ந்தன. கடைசியில் கருநீலம் வென்றது. குளத்தின் முறை வந்தபோது கீழே சாப்பாடு தயாராகிவிட்டது.

"நோட்டட்" என்றார் டத்தோ. பிறகு என்ன தோன்றியதோ, "கிளப்புக்கு ஒரு பேனர் அனுப்பு. நாமளும் சப்போர்ட் பண்றோம்னு தெரியணும்ல" என்றார்.

பேனரில் டத்தோ பெரிதாகச் சிரித்தார். மூலையில் ஒரு சின்ன மீன் இருந்தது. கிடைத்ததும் முனியாண்டி அண்ணன் போன் செய்தார்.

"பேனர் நல்லா இருக்கு அக்கா. கட்ட இடம் தேடினோம். வேலி இருந்திச்சி, அதுலயே கட்டிட்டோம்."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

3. 'யாராவது'

நகராண்மைக் கழகம் பொதுமக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் போட்டது. குளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் பேசலாம். தேசிய அளவிலான அமைப்புகள் பேசலாம். கிள்ளான்காரர்களுக்குப் பேச இடமில்லை.

"உங்க பக்கத்துலேர்ந்து ஒரு ஆள் வந்தா போதும் அக்கா. வந்து நின்னாலே போதும்" என்றார் முனியாண்டி அண்ணன்.

டத்தோவும் கமிட்டியும் கருநீலக் கோட்டில் ஐரோப்பா போயிருந்தார்கள். போன் போட்டேன்.

"இங்க என்னா குளிர் தெரியுமா? இந்தச் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதே. யாராவது போங்கம்மா" என்று வைத்துவிட்டார்.

அலுவலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். ஆகவே முனியாண்டி அண்ணனையும் சேகரையும் கூட்டிக்கொண்டு நானே போனேன்.

முதலில் மேம்பாட்டு நிறுவனத்தின் ஆலோசகர் எழுந்து, அந்தக் குளத்தில் மீனே இல்லை, யாரும் பயன்படுத்துவதும் இல்லை என்று படம் போட்டுக் காட்டினார். அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்து, யாருடைய பிரதிநிதி என்று மலாயில் கேட்டார். சம்மேளனத்தின் பெயரைச் சொன்னேன். 'தேசிய' என்ற சொல்லைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மைக்கை என் பக்கம் நகர்த்தச் சொன்னார். அந்தச் சொல்லுக்கு இவ்வளவு பலம் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியாது. "எங்கள் உறுப்பினர் பேசுவார்" என்று சொல்லி மைக்கைச் சேகரிடம் கொடுத்தேன்.

சேகர் ஆலோசகரைப் பார்த்து மலாயில் கேட்டார்: "மீனே இல்லைன்னா நான் எதுக்கு சார் வாராவாரம் வெயில்ல உக்காந்திருக்கேன்?"

அதிகாரியே சிரித்துவிட்டார். சேகர் போனில் இருந்த தோமான் என்கிற பெரிய விரால் மீன் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். எந்த மரத்தடியில் எது கடித்தது என்று சொல்லிக்கொண்டே போனார். நிறுத்தத்தான் ஆளில்லை.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. அடுக்குமாடி உண்டு. ஆனால் பாதையோடு சேர்ந்த ஒரு கரை பொதுமக்களுக்கு விடப்படும். முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். வீல்சேர் போகும் கரை மிஞ்சியது.

4. பிறகு

ஐரோப்பாவிலிருந்து திரும்பியிருந்த டத்தோ, முடிவு வந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். அந்த மேம்பாட்டு நிறுவனம்தான் எங்கள் வருடாந்திர விருந்துக்கு உபயமாம்.

"உன்னை யாரு போகச் சொன்னா?"

"நீங்கதான் டத்தோ. யாராவது போங்கன்னு சொன்னீங்க."

மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது, 'தேசியச் சம்மேளனம் குளத்தைக் காத்தது' என்று. டத்தோவின் கோபம் போன இடம் தெரியவில்லை. அடுத்த ஞாயிறே புகைப்படக்காரர்களோடு குளத்துக்கு வந்து தூண்டிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். சேகர்தான் வாங்கித் திருப்பிக் கொடுத்தார்.

"இந்தச் சங்கத்தைவிட்டு வெளிய வந்திரலாமா அக்கா?" என்று முனியாண்டி அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தப் பெயர் இல்லாவிட்டால் மைக் நம் பக்கம் வந்திருக்காது. ஆனால் பெயரை வைத்திருப்பவர்கள் கோட்டு தைக்கப் போய்விடுகிறார்கள். அதற்குக் காரணம் கிளப்புகளும்தான். ஆண்டுக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பிரியாணி மணத்தில் ஓட்டுப்போடும் நேரத்தைத் தவறவிட்டுவிடுவார்கள். அதே டத்தோ போட்டியின்றித் தேர்வாகிவிடுவார்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அம்பாங்கிலிருந்தோ ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்தோ புதிதாகக் கிளப் தொடங்கியவர்கள், சம்மேளனத்தில் சேர்வதால் பலன் உண்டா என்று கேட்பார்கள். சேருங்கள் என்றுதான் சொல்கிறேன். சேர்ந்தபின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். முதலில் ஓட்டுப் போடுங்கள், அப்புறம் சாப்பிடுங்கள்.