கால் பிடிக்கும் பெட்டிக்குக் கைப்பிடி வைத்த கதை

1. பஸ்ஸில் திரும்பி வந்தவை

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸின் மேலிருந்து சாக்கு சுற்றிய மூன்று பெட்டிகளை இறக்கிப் போட்டார்கள். சாக்கைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றும் நான் செய்தவை. விற்றுவிட்டதாக ஸ்ரீவில்லிபுத்தூர் பாத்திரக்கடை அண்ணாச்சி சொல்லியிருந்த பெட்டிகள்.

என்ன பெட்டி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவன். ஷிப்ட் முழுக்க நின்றபடி வேலை. வீட்டுக்கு வந்தால் உள்ளங்கால் தரையில் பாவாது. நூல் சுற்றப் பிளாஸ்டிக் பாபின் வந்த பிறகு பழைய மரப் பாபின்கள் விறகுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் கொஞ்சம் வாங்கி, லேத்தில் குமிழ் குமிழாகக் கடைந்து, ஒரு பெட்டிக்குள் உருளைகளாக மாட்டி, தையல் மிஷின் மோட்டாரும் பெல்ட்டும் போட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து, காலை மேலே வைத்து, சுவிட்சைப் போட்டால் உருளைகள் சுற்றிக் காலை அமுக்கிவிடும். பார்த்தவர்கள் எல்லாம் எனக்கும் ஒன்று செய்து கொடு என்றார்கள். அந்தப் பேச்சை நம்பி மில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டேன். இது ஓடவில்லை என்றால் நான் போய் நிற்க வேறு வாசல் கிடையாது.

2. யார் கை வைத்தது

மிஷின் நின்றால் மிஷின் கெட்டுவிட்டது என்று நான் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை. யார் கை வைத்தது என்றுதான் முதலில் கேட்பேன். மில்லில் இதனாலேயே என்னைப் பலருக்குப் பிடிக்காது.

ஷெட்டில் வைத்து மூன்றையும் பொழுது சாயும்வரை ஓடவிட்டேன். சூடு இல்லை, ஆட்டம் இல்லை. ஸ்க்ரூ தலைகளில் நான் வைத்த பெயிண்ட் பொட்டும் உடையவில்லை. யாராவது திருகியிருந்தால் பொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆக, யாரும் திறக்கவில்லை, மோட்டாரிலும் குறை இல்லை. மோட்டார் விற்றவன் மேல் இருந்த சந்தேகம் அப்படியே அண்ணாச்சி மேல் திரும்பியது. ஏதோ கம்பெனி மால் வந்திருக்கிறது, அதில் கமிஷன் கூடுதல், என் சரக்கைக் குறை சொல்லிக் கழித்துவிடப் பார்க்கிறார். மனதுக்குள் வழக்கை நடத்தித் தீர்ப்பும் எழுதிவிட்டுத்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஒரு வீட்டுல கரண்டு அடிக்குங்காவ. ஒரு வீட்டுல கால் எரியுதுங்காவ. இன்னொரு வீட்டுல காலு சூம்பிப் போச்சாம்."

"வாங்கி ஒரு மாசம் ஆகல. அதுக்குள்ள சூம்பிருமா?"

"நானா சொல்லுதேன்? வாங்கிட்டுப் போனவிய சொல்லுதாவ. எல்லாம் மருமகமாரு. மாமியாருக்குன்னு வாங்கிட்டுப் போனாவ, அவியளே கொண்டாந்து போட்டுட்டாவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒம்ம மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, என்னயச் சந்தேகப்படுதீரு. வத்திராயிருப்புல ஒரு வீட்டுல இருந்தும் கொறை சொல்லிவிட்டிருக்காவ. நீரே போயிப் பாரும். அதுவும் திரும்பி வந்தா, இனி ஒம்ம சரக்கு இங்க வேண்டாம்."

அவர் ஒருவர்தான் அப்போது என் சரக்கை வைத்து விற்றவர்.

3. வத்திராயிருப்பு வீடு

தென்னந்தோப்பை ஒட்டிய வீடு. மாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெட்டி அவர் காலடியில் இருந்தது. மருமகள் சாந்தா சுவரோரமாக நின்றாள். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. காலைக் கழுவி ஈரத்தோடு நானே உருளை மேல் வைத்தும் காட்டினேன்.

"டெஸ்டருக்கு என்ன தெரியும். காலு என் காலுல்ல" என்றார் அந்த அம்மா. பிறகு சாந்தாவை மோர் கொண்டுவரச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "தம்பி, அவ ஒனக்குத் தனியா என்ன சொல்லிவிட்டா?"

"அவிய எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையேம்மா."

"சும்மா சொல்லு. முன்னால சாப்பிட்ட பொறவு காலப் பிடிச்சுவிட வந்து உக்காருவா. செத்த நேரம் பேசிக்கிட்டு இருப்போம். இப்ப சுச்சப் போட்டுவிட்டுட்டு அடுப்படிக்குப் போயிருதா. நான் என்ன, இந்தப் பெட்டிகூடவா பேச?"

கரண்ட் எங்கே அடித்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கிளம்பும்போது சாந்தா வாசல்வரை வந்தாள். அவள் கண்ணிலும் அதே சந்தேகம்.

"அத்தை எங்கிட்ட இருந்து மறைச்சு என்ன சொன்னாவ?"

"கரண்டு அடிக்குன்னாவ" என்று மழுப்பினேன்.

"அதெல்லாம் ஒண்ணும் அடிக்கல அண்ணே. கால் பிடிக்கதுல எனக்கு என்ன சங்கடம். எங்க அம்மா வீட்டுல இருந்து யாரு வந்தா, எங்க வீட்டுக்காரரு எங்கிட்ட என்ன சொன்னாரு, தம்பி கல்யாணத்துக்கு நான் என்ன குடுத்தேன்னு தெனமும் விசாரணை. பதில் சொல்லி மாளல. அதுக்குத்தான் இத வாங்கினேன்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. ஆனால் பெட்டியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் ஒருவரிடம்தான் இருந்தது. நான் அந்தப் பக்கம் சாய்ந்தேன்.

4. மோட்டாரைக் கழற்றினேன்

மோட்டாரை எடுத்துவிட்டு, சைக்கிள் செயினும் பல்சக்கரமும் போட்டு, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி வைத்தேன். ஒருவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து சுற்றினால்தான் உருளை சுற்றும். என் மனைவி ஷெட் வாசலில் நின்று பார்த்தாள்.

"மோட்டார் வச்சதயே திருப்பிக் குடுக்காவ. கையால சுத்துத சாமான எவ வாங்குவா? ஒங்களுக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா?"

"வாங்குதது மருமக. வேண்டாம்னு சொல்லுதது மாமியா. வேண்டாம்னு சொல்லுத ஆளத்தான் மொதல்ல சரிக்கட்டணும்" என்றேன். எனக்கே முழு நம்பிக்கை இல்லை.

வத்திராயிருப்புக்கு முதல் பெட்டி போனது. திரும்பி வரவில்லை. செட்டியார்பட்டி, வன்னியம்பட்டி என்று கேட்டு வரத் தொடங்கினார்கள். கரண்ட் இல்லாவிட்டாலும் ஓடும் என்று அண்ணாச்சி தன் பங்குக்கு அளந்துவிட்டார். தொண்ணூறுகள் பிறந்தபோது ஷெட்டில் என்னோடு இன்னும் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். மில்லை விட்டதற்காக என்னைப் பைத்தியக்காரன் என்றவர்கள் வேலை கேட்டு வந்தார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் மறைக்க வேண்டும்?

5. சத்தம்

கொஞ்ச காலம் கழித்து வத்திராயிருப்பு வீட்டிலிருந்து மறுபடியும் குறை வந்தது. ஆயில் கேனை எடுத்துக்கொண்டு போனேன்.

"பெட்டியில ஒண்ணும் கொறை இல்ல தம்பி. சத்தந்தான் தாங்கல" என்றார் அந்த அம்மா. "சும்மா பேசும்போது நல்லாத்தான் சுத்துது. முக்கியமா ஒண்ணு கேட்டேன்னா அந்த நேரம் பாத்து கிறீச்சு கிறீச்சுன்னு கத்துது. அவ சொல்லுத பதில் ஒண்ணுங் காதுல விழல."

மூடியைக் கழற்றினேன். எங்கள் ஷெட்டிலிருந்து செயின் ஆயிலில் ஊறித்தான் வெளியே போகும். இது எலும்பாகக் காய்ந்து கிடந்தது; மெதுவாகச் சுற்றினால் சும்மா இருந்தது, வேகமாகச் சுற்றினால் கத்தியது. குனிந்து பார்த்தபோது மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. செயினில் இருக்கும் ஆயிலை எடுக்க மில்லில் நாங்கள் மண்ணெண்ணெயில்தான் கழுவுவோம். யாரோ உட்கார்ந்து, கண்ணி கண்ணியாகத் துடைத்திருக்கிறார்கள்.

யார் என்று கேட்க வாயைத் திறந்தவன் நிமிர்ந்தேன். அடுப்படி நிலைவாசலில் சாந்தா நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த ஆயில் கேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் வாழ்க்கையில் கண்டுபிடித்த பிறகும் வாயை மூடிக்கொண்டது அதுதான் முதல் தடவை. கேனைப் பைக்குள் வைத்தேன்.

"செயின் வச்ச சாமான்னா சத்தம் போடத்தாம்மா செய்யும்" என்று சொல்லி மூடியை மாட்டினேன்.

"என்ன எழவோ" என்றார் அந்த அம்மா. சாந்தா உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இப்போது சிறுதொழில் தொடங்குகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பொருளை அனுபவிக்கிறவர் வேறு, அதைச் சுற்றுகிறவர் வேறு. சரக்கை ஓட்டுவதற்காக முதல் ஆளை மட்டும் கணக்கில் வைத்தவன் நான். அதன் பிறகு எந்த வீட்டுக்குச் சர்வீஸுக்குப் போனாலும், கைப்பிடி சுற்றுகிற பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, ஆயில் விடட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் கேனைத் திறப்பேன். வேண்டாம் என்று சொன்னவர்கள்தான் அதிகம்.